நூர்த்தாலும் நூராத கொம்பியூட்டர்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

"தம்பி, இந்தக் கொம்பியூட்டர் நூருதில்லை. நூர்க்க நூர்க்க முழிச்சுக்கொண்டு இருக்குது. நான் பிளக்கைப் புடுங்கவோ?"

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் மாமி இரவு பத்து மணிக்குப் போன் எடுத்துக் கேட்டது இது. நூர்ப்பது என்றால் எங்கள் பேச்சில் அணைப்பது. நான் "பொறுங்கோ மாமி" என்று சொல்லி முடிக்க முதலே அந்தப் பக்கம் சுவர் சுவிட்ச் டக் என்று விழுந்த சத்தம் கேட்டுவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் போய்ப் பார்த்தேன். ஒரு தடவையோடு முடியவில்லை, மூன்று தடவை போகவேண்டி வந்தது. அந்த மூன்று தடவையிலும் பார்த்ததையும், சொந்தக்காரர் வீடுகளில் முன்பு பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் ஒன்று. "நூருதில்லை" என்று எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதற்குள் நாலைந்து வேறு வேறு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. அதனால் கையை வைக்க முன் கண்ணை வையுங்கள். திரையில் ஏதாவது எழுத்து நிற்கிறதா, இல்லை முழுக்கக் கறுத்துவிட்டதா? நாங்கள் எல்லோரும் சிபியூ என்று சொல்லும் அந்தப் பெட்டியில் விசிறி ஓடுகிறதா? பெட்டியின் முன்பக்கத்தில் மினுங்கும் சின்ன விளக்கு, அதுதான் டிஸ்க் வேலை செய்யும்போது மினுங்குவது, மினுங்குகிறதா, அசையாமல் நிற்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் கீழே எந்தப் பகுதிக்குப் போவது என்று உங்களுக்கே தெரியும்.

"ஷட்டிங் டவுன்" என்று எழுதிக்கொண்டு வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது

சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள். உள்ளே ஏதோ எழுதப்படுகிறது. திரையில் அப்டேட் என்றோ சதவீதக் கணக்கோ தெரிந்தால் இன்னும் பொறுமை வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்க் போட்ட பெட்டி என்றால் அரை மணித்தியாலம், சில வேளை அதற்கு மேலும் எடுக்கும். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அப்டேட் நடுவில் கரண்டை நிறுத்திவிட்டுப் பிறகு விண்டோஸே எழும்பவில்லை என்று தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரை மணித்தியாலம் போயும் விளக்கு ஒரு தடவைகூட மினுங்கவில்லை, வட்டமும் உறைந்துவிட்டது என்றால், அப்போது பெட்டியின் பவர் பொத்தானை அழுத்தி அப்படியே பிடித்திருங்கள், ஐந்திலிருந்து பத்து விநாடி. நின்றுவிடும். சுவர் சுவிட்சை நிறுத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மாமி கேட்டார். உண்மையைச் சொன்னால் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு இரண்டும் ஒன்றுதான், சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போவதுதான். ஆனால் பொத்தானைப் பிடித்திருக்கும் அந்தப் பத்து விநாடியில் ஒரு தடவையாவது யோசிப்பீர்கள், சுவர் சுவிட்ச் அப்படி இல்லை, கை பழகிவிடும்.

இது தினமும் நடந்தால் காரணம் தேடவேண்டும். முதலில் யூஎஸ்பியில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பிரிண்டர், வெளி ஹார்ட் டிஸ்க், வைஃபை குச்சி, போன் சார்ஜ் வயர், எல்லாம். கீபோர்டும் மவுஸும் மட்டும் இருக்கட்டும். இப்போது ஒழுங்காக நிற்கிறதா? அப்படியென்றால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பாருங்கள், கள்ளன் பிடிபடுவான். ஒரு வீட்டில் அது வெளி ஹார்ட் டிஸ்க். கலியாண வீடியோ எல்லாம் அதில்தான், டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருந்தது, அது பதில் சொல்லும்வரை விண்டோஸ் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த வீட்டில் முதல் வேலை கொம்பியூட்டரைத் திருத்துவது இல்லை, வீடியோக்களை வேறு இடத்துக்கு மாற்றுவது.

யூஎஸ்பியில் ஒன்றும் இல்லையென்றால் பின்னால் ஓடும் மென்பொருள்களில் ஒன்று. தேடும் பெட்டியில் எம்எஸ்கொன்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு சின்னச் சாளரம் திறக்கும். அதில் சேர்விசஸ் பக்கத்துக்குப் போய், மைக்ரோசொஃப்ட்டின் சேர்விஸ்களை மறைக்கும் கட்டத்தில் முதலில் சரி போடுங்கள். இதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தினால் கதை கந்தல். மறைத்த பிறகு மிச்சமிருப்பவற்றில் பாதியை மட்டும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். நின்றால் குற்றவாளி அந்தப் பாதியில், நிற்காவிட்டால் மற்றப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் நாலைந்து தடவையில் ஆள் அகப்படும். பெரும்பாலும் இரண்டாவது அன்டிவைரஸ், இல்லையென்றால் எப்போதோ தூக்கியெறிந்த பிரிண்டரின் மென்பொருள்.

பொறுமை உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. விண்டோஸ் தனக்குள் நடந்ததைப் பதிந்துவைக்கும் இவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சேர்விசஸ் லொக்ஸ், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், டயக்னொஸ்டிக்ஸ் பெர்ஃபோமன்ஸ், ஒப்பரேஷனல் என்று இறங்கிப் போனால், இலக்கம் 200 என்று இருக்கும் பதிவில் நிற்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று மில்லிசெக்கனில் எழுதியிருக்கும். 203 என்று இருந்தால் எந்த சேர்விஸ் இழுத்தடித்தது என்று பெயரே போட்டிருக்கும்.

"இந்த ஆப் நிற்கவிடுதில்லை" என்று திரை வந்து நிற்கிறது

இது உண்மையில் பிழை இல்லை, மரியாதை. நீங்கள் சேமிக்காத வேர்ட் கோப்பு ஒன்று திறந்திருக்கிறது, அதை என்ன செய்வது என்று கேட்கிறது. கான்சல் கொடுத்துத் திரும்பிப் போய்ச் சேமியுங்கள். பிள்ளையின் ரியூசன் நோட்ஸை இந்த இடத்தில் "ஷட் டவுன் எனிவே" கொடுத்துத் தொலைத்துவிட்டு இரவு முழுக்க ஏச்சு வாங்கிய ஒரு தகப்பனை எனக்குத் தெரியும், அவர் கண்ணாடியில் தினமும் என்னைப் பார்க்கிறார்.

பெயரே இல்லாமல், அல்லது டாஸ்க் ஹோஸ்ட் என்று மட்டும் காட்டினால் ஏதோ ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் சேமித்துவிட்டீர்கள் என்று நிச்சயமானால் "எனிவே" கொடுக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

திரை கறுத்துவிட்டது, விசிறி மட்டும் ஓடுகிறது

மாமி வீட்டில் முதல் தடவை நான் பார்த்தது இதுதான். ஷட் டவுன் கொடுத்தால் திரை கறுக்கும், பெட்டிக்குள் விசிறி ஹூம் என்று இரைந்துகொண்டே இருக்கும், பவர் விளக்கும் எரியும். காலையில் எழும்பினாலும் அப்படியே. அதனால்தான் சுவர் சுவிட்ச்.

இந்த அறிகுறிக்கு நான் முதலில் கை வைப்பது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஒன்றில். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இது வந்தது, அன்றிலிருந்து பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் கேட்காமலே ஒன் செய்யப்பட்டிருக்கிறது. இது செய்வது என்னவென்றால், நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் வேலைகளை மட்டும் மூடும், விண்டோஸின் அடிப்பகுதியையும் டிரைவர்களையும் (பெட்டியின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சின்ன மென்பொருள்கள்) மூடாமல், இருக்கிற நிலையிலேயே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டு நிற்கும். அடுத்த நாள் புதிதாகத் தொடங்காமல் அந்தக் கோப்பை எடுத்து விரித்துக்கொண்டு எழும்பும். அதனால் சீக்கிரம் எழும்புகிறது, உண்மைதான். ஆனால் ஒரு டிரைவர் குழம்பினால் குழப்பமும் சேர்ந்து பாயில் சுருட்டப்பட்டு நாளைக்கும் விரிக்கப்படும். வேடிக்கை என்னவென்றால் ரீஸ்டார்ட்டுக்கு இந்தச் சுருட்டல் கிடையாது. ரீஸ்டார்ட்தான் உண்மையான குளிப்பு, ஷட் டவுன் முகம் கழுவுவது மாதிரி.

நம்பாதவர்கள் இப்போதே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மனேஜர் வரும். பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தெரிவுசெய்தால் கீழே அப் டைம் என்று ஒரு கணக்கு இருக்கும், நாள், மணி, நிமிடம், விநாடி என்று. மாமியின் பெட்டியில் அது 19 நாள் என்று காட்டியது. "நான் ஒவ்வொரு நாளும் நூர்க்கிறனான் தம்பி" என்று மாமி சத்தியம் பண்ணாத குறை. மாமி பொய் சொல்லவில்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஒன்னில் இருந்தால் அந்தக் கணக்கு ஷட் டவுனுக்கு அழியாது, ரீஸ்டார்ட்டுக்குத்தான் அழியும். சுவர் சுவிட்சை நிறுத்தியிருந்தால் அழியவேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். சுவர் சுவிட்ச் போன் எடுத்த அன்றைக்குத்தான் முதல் தடவை, அதுவும் எனக்குச் சத்தம் கேட்கத் தட்டிவிட்டு, பயத்தில் மற்றப் பிளக்கின் சுவிட்சைத்தான் தட்டியிருக்கிறார். மீன் தொட்டியின் மோட்டர்தான் நின்றது. விசிறி இரைச்சலோடு பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்.

சரி, நிறுத்துவது எப்படி. கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் போங்கள். இடது பக்கத்தில் பவர் பொத்தான்கள் என்ன செய்யவேண்டும் என்று தெரிவுசெய்யும் வரி ஒன்று இருக்கும், அதற்குள் நுழையுங்கள். கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கட்டம் மங்கலாகத் தெரியும், தொடமுடியாது. மேலே கேடயப் படத்தோடு ஒரு வரி இருக்கிறதே, இப்போது மாற்றமுடியாத செற்றிங்ஸை மாற்று என்று பொருள்படும் வரி, அதைத் தட்டினால்தான் கட்டம் உயிர் பெறும். சரியை எடுத்துவிட்டு, கீழே சேவ் கொடுங்கள். சேவ் கொடுக்காமல் மூடிவிட்டு "மாற்றிப்பார்த்தேன், சரிவரவில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். கட்டமே காணவில்லையென்றால், இருக்கிற நிலையை டிஸ்க்கில் எழுதிவைக்கும் ஹைபர்னேட் என்ற வசதியே நிறுத்தப்பட்டிருக்கிறது, அப்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் ஓடாது, காரணம் வேறு.

மாற்றுவதற்கு முன் சோதிக்க ஆசையென்றால், ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனை அழுத்துங்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும் முழுதாக மூடும். அப்படி மூடினால் ஒழுங்காக நிற்கிறது, சாதாரணமாக நிற்குதில்லை என்றால் வழக்கு முடிந்தது.

இதை நிறுத்தியும் விசிறி ஓடினால் டிரைவர் பக்கம் போகவேண்டும். உங்கள் மதர்போர்ட் (பெட்டிக்குள் எல்லாம் பொருத்தியிருக்கும் பெரிய பலகை) அல்லது லப்டொப் கம்பெனியின் தளத்துக்கே போய் உங்கள் மொடல் இலக்கத்துக்கு உரிய சிப்செட் டிரைவரை இறக்குங்கள். இன்டெல் இயந்திரம் என்றால் மனேஜ்மென்ட் எஞ்ஜின் என்ற டிரைவரையும் சேர்த்து. டிரைவர் தேடித்தரும் மென்பொருள் என்று இலவசமாகக் கிடைப்பவற்றைப் போடாதீர்கள், அவற்றை அகற்றுவதற்கு இன்னொரு கட்டுரை எழுதவேண்டும்.

விண்டோஸோடு லினக்ஸும் போட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஒன்னில் இருக்கும்வரை லினக்ஸ் பக்கம் இருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாமல் போவதும் இதனால்தான்.

கரண்ட் வந்ததும் தானே எழும்புகிறது

2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம்வரை போனதே, அப்போதுதான் இதைப் பலர் கவனித்தார்கள். நள்ளிரவில் கரண்ட் வரும், அறைக்குள் நீல வெளிச்சம், பேய் பிடித்த மாதிரிக் கொம்பியூட்டர் தானே எழும்பி உட்கார்ந்திருக்கும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறையில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டது என்று அமைச்சர் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாடு முழுக்க இருட்டு, அன்று கரண்ட் திரும்பியபோது எங்கள் வீட்டுப் பெட்டியும் இதே வேலையைச் செய்தது.

விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விண்டோஸ் எழும்ப முன்பே மதர்போர்டில் ஓடும் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளில் இருக்கிறது. ஒன் செய்தவுடன் டிலீட் அல்லது எஃப் 2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயோஸ் திறக்கும். பவர் பகுதியில் ஏசி பவர் லொஸ், ஏசி பேக், இப்படி ஏதாவது பெயரில் ஒரு வரி இருக்கும், அதைப் பவர் ஓஃப் என்று மாற்றிச் சேமியுங்கள். லாஸ்ட் ஸ்டேட் என்று போட்டிருந்தால், கரண்ட் போகும்போது ஓடிக்கொண்டிருந்த பெட்டி கரண்ட் வந்ததும் திரும்ப ஓடத் தொடங்கும்.

மாற்றிய செற்றிங் சில நாளில் பழையபடி வந்துவிடுகிறதா, திகதியும் பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறதா? அப்படியென்றால் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பற்றரி செத்துவிட்டது. சிஆர் 2032 என்று கேட்டு வாங்கலாம், 3 வோல்ட். தினமும் சுவர் சுவிட்சையும் நிறுத்தும் வீடுகளில் இது சீக்கிரம் சாகும், ஏனென்றால் சுவரில் கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் அந்தக் கரண்டில் ஓடும், சுவரை நிறுத்தினால் பற்றரியை உறிஞ்சும்.

நிறுத்திய பிறகும் மவுஸில் சிவப்பு விளக்கு எரிகிறது

எரியட்டும். பெட்டி நின்ற பிறகும் உள்ளே 5 வோல்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், பொத்தானை அழுத்தினால் எழும்புவதற்காக. கண்ணை உறுத்தினால் பயோஸில் ஈஆர்பி என்று இருக்கும் மின்சாரச் சிக்கன வரியை ஒன் செய்யுங்கள், விளக்கும் நிற்கும்.

லப்டொப் பையில் போட்டால் சுடுகிறது

மூடியை மூடினால் அது நிற்காது, தூங்கும். தூக்கத்திலும் புதிய லப்டொப்கள் அப்டேட், மெயில் என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் ஷட் டவுன் கொடுத்து விளக்கு நிற்கும்வரை பார்த்துவிட்டு மூடுங்கள்.

நிற்கிறது, பிறகு தானே எழும்புகிறது

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டு, வடையும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு வெற்றியோடு வீடு வந்தேன். மூன்றாம் நாள் திரும்பப் போன். "தம்பி, இப்ப நூருது. ஆனா நூந்து ரெண்டு நிமிசத்தில பழையபடி எழும்புது."

இதற்கு முதலில் ஒரு கேள்வி: அப்டேட் அண்ட் ஷட் டவுன் என்பதையா அழுத்தினீர்கள்? அப்படியென்றால் பிழை உங்களுடையது இல்லை. அதை அழுத்தினால் நிற்காமல் ரீஸ்டார்ட் ஆவது விண்டோஸ் 11இல் பலரும் பட்ட தொல்லை, 2025 ஒக்டோபர் கடைசியில் வந்த அப்டேட்டில்தான் மைக்ரோசொஃப்ட் அதைத் திருத்தியதாக அறிவித்தது. அப்டேட்டை முழுதாகப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

அது இல்லையென்றால், நிற்கும் வழியில் விண்டோஸ் விழுந்து எழும்புகிறதா என்று பார்க்கவேண்டும். விண்டோஸ் விழும்போது காட்டும் நீலத் திரை வந்தால் உடனே ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் இருக்கிறது, அதனால் நீலத் திரை உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். சிஸ்டம் ப்ரொப்பர்டீஸில் அட்வான்ஸ்ட், ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி போய், தானாக ரீஸ்டார்ட் ஆகும் கட்டத்தில் சரியை எடுங்கள். இனி விழுந்தால் திரை அப்படியே நிற்கும், போனில் படம் பிடிக்கலாம். டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர் என்று இருந்தால் ஏதோ ஒரு டிரைவர் படுக்க மறுக்கிறது. வைஃபை, கிராஃபிக்ஸ், இந்த இரண்டின் டிரைவரையும் முதலில் புதுப்பியுங்கள்.

நீலத் திரையும் இல்லையென்றால் யாரோ தட்டி எழுப்புகிறார்கள். டிவைஸ் மனேஜரில் நெட்வேர்க் காட்டின் ப்ரொப்பர்டீஸுக்குப் போய் பவர் மனேஜ்மென்ட் பக்கத்தில் கொம்பியூட்டரை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடுங்கள். சோதனைக்கு நெட்வேர்க் வயரைக் கழற்றிவிட்டு நிறுத்திப் பார்த்தாலும் போதும். பயோஸிலும் கீபோர்டால் எழும்புவது, குறித்த நேரத்துக்கு எழும்புவது என்று வரிகள் இருக்கும், இரண்டையும் ஓஃப்.

மாமி வீட்டில் இவை எல்லாம் பார்த்தாகிவிட்டது. வயரைக் கழற்றினேன், எழும்பியது. கீபோர்டைக் கழற்றினேன், எழும்பியது. பயோஸ் சுத்தம். இரண்டாம் தடவை தோல்வியோடு திரும்பினேன். மூன்றாம் தடவை போனபோதுதான் மூளை வேலை செய்தது. பவர் பொத்தானை விரலால் அழுத்திப் பார்த்தேன், டிக் என்று துள்ளி வரவேண்டியது சோம்பலாக, பாணியில் தோய்ந்த மாதிரி மெல்ல வந்தது. யன்னலுக்கு நேரே கடல், பெட்டி யன்னலுக்குக் கீழே. உப்புக் காற்று அந்த வீட்டில் யன்னல் கொளுக்கியையே தின்றிருந்தது, பொத்தானுக்குள் இருக்கும் சின்னத் தகட்டை விட்டுவைக்குமா? தானாகத் தொடுகை பட்டுப் பட்டு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது, பெட்டியோ யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள் என்று நினைத்து எழும்பிக்கொண்டிருந்திருக்கிறது.

உறுதிப்படுத்துவது சுலபம். சுவரில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பெட்டியின் பக்கத் தகட்டைத் திறங்கள். முன்பக்கப் பொத்தான்களில் இருந்து மெல்லிய வயர்கள் மதர்போர்டின் ஓரத்துக்குப் போகும், பவர் எஸ்டபிள்யூ என்று ஒன்றில் எழுதியிருக்கும், ரீசெற் எஸ்டபிள்யூ என்று இன்னொன்றில். எந்தக் கம்பியில் எது இருந்தது என்று போனில் படம் எடுத்துவிட்டு, பவர் வயரைக் கழற்றி, அந்த இடத்தில் ரீசெற் வயரைச் செருகுங்கள். இரண்டும் ஒரே வகைச் சுவிட்ச்தான், திசை மாறினாலும் ஒன்றும் ஆகாது. இனி ரீசெற் பொத்தானை அழுத்தினால் கொம்பியூட்டர் ஒன் ஆகும். அப்படியே ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தானே எழும்புவது நின்றுவிட்டால் குற்றவாளி பழைய பொத்தான்தான்.

மாமியின் பெட்டி அன்றிலிருந்து ஒரு தடவைகூடத் தானாக எழும்பவில்லை. புதுப் பொத்தான் பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசா பக்கம் தேடிப் பார்த்து வாங்கிவருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். பெட்டியை யன்னலடியில் இருந்து சுவாமி அறைப் பக்கம் தள்ளிவைத்து, வேலை செய்யாத பெரிய பொத்தானுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டி, எது உண்மையான சுவிட்ச் என்று மாமாவுக்கு மறக்காமல் இருக்க அந்தச் சின்ன ரீசெற் பொத்தானுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டும் வைத்திருக்கிறார்.